மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் வரலாறும் மரபுகளும் என்ன? மலேசியத் தமிழர்களுக்கு அதில் ஏதாவது தொடர்பு உண்டா?

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். இங்கே பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் ஜாலான் சிப்பாய் லைன்ஸ் என்றொரு சாலை இருக்கிறது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த மூன்று வாரமும் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் சாப்பாட்டுத் தூக்கோடு போவேன். தோட்டத்தில் நாம் லயன் வீடு என்கிறோமே, அதே 'லைன்'தான் இதுவும். வரிசையாகக் கட்டிய சிப்பாய்க் குடியிருப்பு. பால்மரத் தோட்டங்கள், அதாவது ரப்பர் தோட்டங்கள், வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இந்தத் தீவில் சிப்பாய்கள் இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நீண்ட காலம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றிலும் காவல் இருந்தது மெட்ராஸ் நேட்டிவ் இன்பன்ட்ரி என்ற உள்ளூர்ச் சிப்பாய்களின் காலாட்படை. இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் முன்னோர்கள் அந்தப் படையினர்தான். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: உண்டு, நிறையவே உண்டு.

முதலில் வரலாறு. இந்திய ராணுவத்தின் காலாட்படை ரெஜிமென்ட்டுகளில் மூத்தது இது. 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸை முற்றுகையிட வந்துகொண்டிருந்த சமயத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த உள்ளூர்ச் சிப்பாய்க் குழுக்களை ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற ஆங்கிலேயத் தளபதி பட்டாலியன்களாகத் திரட்டினார். அந்த முற்றுகையின்போது வெளியே நின்று பிரெஞ்சுப் படையை அலைக்கழித்தவர் யூசுப் கான். ஆமாம், நம் மருதநாயகம்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்கெல்லாம் தளபதியாக உயர்ந்தவர், பிறகு அதே கம்பெனியை எதிர்த்து நின்று 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். இந்தப் படையின் கதையை யார் சொன்னாலும் அவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். விசுவாசம், கலகம் இரண்டுமே அவர் ஒருவரிடம் இருக்கின்றன. அடுத்த ஐம்பது வருடமும் அப்படித்தான் போனது.

1801-இல் கம்பெனியார் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். மறு வருடம் பிப்ரவரியில் சின்ன மருதுவின் இளவயது மகன் துரைசாமியையும் அவரோடு 70-க்கும் மேற்பட்டவர்களையும் தூத்துக்குடியில் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். எங்கே தெரியுமா? பிரின்ஸ் ஆப் வேல்ஸ் தீவுக்கு. அதாவது பினாங்குக்கு. எங்கள் அம்மா வழிச் சொந்தமெல்லாம் சிவகங்கைச் சீமைதான். அதனால் இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தவர்களும் மதராஸ் படைச் சிப்பாய்களே. தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டு, நெற்றியில் விபூதியோ நாமமோ கூடாது, தாடியை எடு என்று உத்தரவு போட்டதுதான் உடனடிக் காரணம். நூற்றுக்கணக்கில் சிப்பாய்களைக் கொன்று அதை அடக்கினார்கள். அதில் பங்கெடுத்த பட்டாலியன்களைக் கலைத்தார்கள்.

இந்தப் படையின் சின்னம் யானை. அது வந்தது அசாயேயிலிருந்து. 1803 செப்டம்பர் 23, இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள ஊர். எதிரில் சிந்தியா, பேரார் மன்னர்களின் பெரிய மராட்டியப் படை, நடுவே கைத்னா ஆறு. இந்தப் பக்கம் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். ஆற்றில் இறங்க வழியே இல்லை என்று வழிகாட்டிகள் சொன்னார்கள். இரு கரையிலும் எதிரெதிரே இரண்டு கிராமங்கள் இருப்பதை வெல்லெஸ்லி கவனித்தார். இப்படி இருந்தால் ஜனங்கள் கடந்து போக ஒரு துறை இல்லாமலா இருக்கும் என்று ஊகித்துப் படையை இறக்கினார். பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே ஆற்றைக் கடந்து போனவர்களில் பெரும்பகுதி மதராஸ் சிப்பாய்கள். 1500-க்கும் மேற்பட்டோர் மாண்டும் காயப்பட்டும் விழுந்தபின் வெற்றி கிடைத்தது. அன்று சண்டையிட்ட பட்டாலியன்களுக்குக் கொடுத்ததுதான் அசாயே யானை. இந்தியர்களை எதிர்த்துப் பெற்ற போர்ப் பெருமைகளைச் சுதந்திர இந்தியா கொண்டாடுவதில்லை என்று ஒதுக்கிவிட்டது, அது சரியான முடிவுதான். ஆனால் யானை மட்டும் தங்கிவிட்டது. இன்றும் கேடயம், குறுக்கே இரண்டு வாள், மேலே யானை.

அந்த யானையை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சிவகங்கைப் பக்கம் என் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஊருக்குப் போயிருந்தபோது டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த தொப்பிச் சின்னத்தை எடுத்தார். "இந்தா மாப்ளே, கையில புடிச்சுப் பாரு" என்றார். கட்டைவிரல் அகலம்கூட இல்லை. வருடக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்து யானையின் காது மழுங்கிப் போயிருந்தது. பின்புறக் கொக்கியில் ஒன்று உடைந்து பற்றவைத்த தழும்பு. அதைத் திருப்பிக் கொடுத்ததும் மறுபடி துணியில் சுற்றும் முன் ஒரு தடவை விரலால் துடைத்துவிட்டுத்தான் வைத்தார்.

மரபுகளையும் அவர் வாயிலாகவே தெரிந்துகொண்டேன். பயிற்சி மையம் நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில் உள்ள வெலிங்டன். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் என்று தெற்கிலிருந்து பையன்கள் வருகிறார்கள். மதராஸ் சிப்பாயைத் 'தம்பி' என்று கூப்பிடுவது ராணுவத்தில் பழைய வழக்கம். வடநாட்டு அதிகாரியும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவாராம், மாமாவுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம். குறிக்கோள் வாசகம் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் வருவது: "ஸ்வதர்மே நிதனம் ஸ்ரேயஹ". தன் கடமையில் சாவதும் மேன்மையே என்று பொருள். போர் முழக்கம் மட்டும் நம் பேச்சு: "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" அடியும் கொல்லும் தமிழனுக்கும் மலையாளிக்கும் ஒரே மாதிரி புரியும், எனவே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்றார் மாமா.

கேரளம் என்றதும் குளச்சலைச் சொல்ல வேண்டும். 1741-இல் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை அங்கே தோற்கடித்தது. அந்தப் படையின் வழி வந்ததுதான் 9-ஆவது மெட்ராஸ் பட்டாலியன். குளச்சல் வெற்றித் தூணுக்கு மெட்ராஸ் ரெஜிமென்ட் இன்றும் ஜூலை 31-இல் மரியாதை செலுத்துகிறது. பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனோய் பிறகு மன்னரின் படைக்கே பயிற்சி கொடுத்து அங்கேயே இறந்தார். உதயகிரிக் கோட்டையில் உள்ள அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது.

சரி, இவ்வளவு பெரிய படை நம் தாத்தா பாட்டிகளின் நினைவில் ஏன் இல்லை? எனக்கு வலிக்கிற பகுதி இதுதான். 1880-களில் மதராஸ் படைத் தலைவராகவும் பிறகு இந்தியாவுக்கே தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ் பிரபு, தெற்கத்தியர்கள் போர்க்குணம் இல்லாதவர்கள் என்று நம்பினார். 'போர் மரபினர்' என்று ஒரு பட்டியல் ஓடியது, அதில் நாம் இல்லை. மதராஸ் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சிக்கன நடவடிக்கையும் சேர்ந்துகொள்ள, 1920-களின் இறுதிக்குள் எஞ்சிய முறையான பட்டாலியன்களும் கலைந்தன. இங்கே மலாயாவில் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கப்பல் கப்பலாக வந்ததும் அதே காலம். என் கொள்ளுத் தாத்தா அப்படி வந்தவர்தான். 1941-42இல் கம்பாரிலும் சிலிம் ரிவரிலும் ஜப்பானியரோடு மோதிய இந்தியப் படை என்றதும் நம் பெரியவர்கள் நினைவுக்கு வருவது சீக்கியர், பஞ்சாபியர், கூர்க்காக்கள். தமிழன் என்றால் பால்வாளி, உளி. இந்த நாட்டில் நம் கதை அவ்வளவுதான் என்று நாமே நம்பிவிட்டோம். உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டதும் அதே பிரிட்டிஷ் அரசு மெட்ராஸ் ரெஜிமென்ட்டைத் திரும்ப உயிர்ப்பித்தது, அவர்களும் பர்மாவில் சண்டையிட்டுக் காட்டினார்கள். 1971-இல் பாகிஸ்தானோடு நடந்த பசந்தர் ஆற்றுப் போரிலும் 16-ஆவது மெட்ராஸ் இருந்தது.

அப்புறம், 2016 பிப்ரவரி 3-இல் சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேர் 19-ஆவது மெட்ராஸ் முகாமில் இருந்தவர்கள். நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பாவை ஆறாம் நாள் உயிரோடு தோண்டி எடுத்தார்கள், 11-ஆம் தேதி அவரும் போய்விட்டார். அந்த வாரம் மாமா போனில் பேசவே இல்லை.

பெருமையாக மட்டும் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1831-இல் மலாக்காவை அடுத்த நானிங்கின் தலைவர் டோல் சைட் கம்பெனிக்கு வரி கொடுக்க மறுத்தபோது கம்பெனி அனுப்பியதும் மதராஸ் சிப்பாய்களைத்தான். முதல் தடவை தோற்றுத் திரும்பினார்கள், மறு வருடம் பெரும்படையோடு போய் ஜெயித்தார்கள். இடைநிலைப் பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் நானிங் போரைப் படித்தபோது அந்தச் சிப்பாய்கள் யார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நம் ஆட்கள், இன்னொருவர் மண்ணில். அதையும் சேர்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிப்பாய் லைன்ஸ் பலகையைப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். "இங்க எத்தன பேருடா மாப்ளே செத்துப் புதைஞ்சிருப்பாய்ங்க?" என்று மட்டும் கேட்டார். ஜனவரி 26-ஆம் தேதி டில்லி அணிவகுப்பில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வருகிற வருடங்களில், இங்கே மதியம் ஒரு மணி தாண்டியதும் என் போன் அடிக்கும். எடுத்தால் பேச்சு இருக்காது. டிவியில் பேண்டு வாத்தியம் கேட்கும், மாமா எழுந்து நிற்கும்போது நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்கும்.