டாலோவேயும் ஈய எழுத்தும்

சார், வர்ஜீனியா வுல்ஃபோட 'மிஸஸ் டாலோவே' நாவல் முப்பது பக்கத்தோட நிக்குது. அந்தம்மா பூ வாங்கப் போறாங்க, அதுக்கப்புறம் ஒண்ணுமே நடக்கல. வேலை முடிஞ்சு ராத்திரி பத்துக்கு மேலதான் படிக்க முடியுது. யூட்யூப்ல கதைச்சுருக்கம் பாத்துட்டு ஆரம்பிக்கவா? அதே காலத்து ஜாய்ஸ், எலியட், அப்புறம் வுல்ஃப், எந்த வரிசையில படிக்கணும்? வுல்ஃப் பணக்கார வீட்டு அம்மாவாமே?
கே.

கே,

ராத்திரி பத்துக்கு மேல வுல்ஃப் படிக்கிற ஆளைத் திட்ட மனசு வரல, இருந்தாலும் திட்டத்தான் போறேன். ஒரு அம்மா ஜூன் மாசத்துல பார்ட்டி வைக்கிறாங்க, போருக்குப் போய் வந்த ஒருத்தன் ஜன்னல்லேருந்து குதிச்சு சாகறான், இதான்யா சுருக்கம், இப்ப என்ன கிடைச்சுது? வரிசையெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிறவங்களுக்கு. வசதியான வீடுதான், அதை விடுங்க.

நான் ரொம்ப நாளா மண்டையில போட்டு உருட்டிட்டிருக்கிறது வேற. 1917ல வர்ஜீனியாவும் புருஷன் லெனார்டும் ஒரு சின்ன கை அச்சு மெஷின் வாங்கி லண்டன் பக்கத்துல ரிச்மண்ட்ல வீட்டு சாப்பாட்டு ரூம்லயே வெச்சாங்க. லெனார்டுக்கு கை நடுங்கும், அதனால ஈய எழுத்தை ஒண்ணொண்ணா அடுக்கி அச்சுக் கோர்க்கிறது வர்ஜீனியா. 'ஹெச்'சையும் 'என்'னையும் கலந்துட்டேன்னு அக்காவுக்கு லெட்டர் போடறாங்க. சின்ன வயசுல காலால மிதிச்சு ஓட்டற ட்ரெடில் பிரஸ்ல, அச்சுக் கோர்க்கிற கம்பாசிட்டர் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், ரெண்டு வார்த்தைக்கு நடுவுல இடம் விடணும்னாலும் ஒரு ஈயத்துண்டை எடுத்து சொருகணும். இப்ப வுல்ஃபோட 'ஜேக்கப்ஸ் ரூம்' நாவலை எடுத்துப் பாருங்க, துண்டு துண்டா, நடுவுல வெள்ளையா விட்டுவிட்டு. வுல்ஃபோட முதல் ரெண்டு நாவல் அவங்க அம்மாவோட முதல் கல்யாணத்துப் பையன் ஜெரால்ட் டக்வொர்த் கம்பெனி போட்டது, ரெண்டும் வழக்கமான நாவல் மாதிரிதான் போகும். மூணாவது இது, 1922, அந்த மெஷினோட ஆரம்பிச்ச சொந்தப் பதிப்பகம் ஹோகார்த் பிரஸ் போட்டது, அங்கதான் கட்டு அறுந்துது. இது தற்செயல்னு எந்த பேராசிரியர் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன். பதிப்பகம் சொந்தம்னாலும் நாவலை வெளி அச்சகத்துலதானே அடிச்சாங்கன்னு மடக்காதீங்க, எதைப் போடலாம்னு முடிவு பண்றது யாரு, அதைப் பாருங்க. இங்கிலாந்துலயே இஷ்டப்பட்டதை எழுத முடியிற ஒரே பொம்பளை நான்தான்னு 1925ல டைரியில எழுதறாங்க, டாலோவே வந்த அதே வருஷம்.

எலியட்டோட 'வேஸ்ட் லேண்ட்' கவிதையோட 1923 பதிப்பும் வர்ஜீனியா கையால கோர்த்ததுதான். ஜாய்ஸோட 'யுலிஸஸ்' நாவல் 1918லயே இவங்ககிட்ட வந்துச்சு, அவ்ளோ பெரிசு எங்க மெஷின் தாங்காதுன்னு அனுப்பிட்டாங்க, அந்தக் கதை இன்னொரு நாள்.

அப்புறம், ஒண்ணுமே நடக்கலன்னு எப்படிங்க வாய் கூசாம எழுதினீங்க? நீங்க நிறுத்தின முப்பது பக்கத்துக்குள்ளயே வானத்துல ஒரு பிளேன் புகையால எழுத்து எழுதிட்டுப் போகுது, டாஃபி விளம்பரம்கறான் ஒருத்தன், ஆளாளுக்கு ஒண்ணு படிக்கிறாங்க, பார்க்ல உக்காந்திருக்கிற செப்டிமஸ், அதான் அந்தப் போருக்குப் போய் வந்தவன், தனக்குத்தான் சேதி வருதுன்னு கண்ணீர் விடறான். இன்னிக்கு ராத்திரி அந்த இடத்தை மட்டும் வாய்விட்டுப் படிங்க, தூக்கம் வந்தா தூங்குங்க. யூட்யூப்ல வேணும்னா பாட்டு கேளுங்க.