பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 76 வயது, மனைவிக்கு 70. திருவிடைமருதூர் பக்கம் கிராமம். ஒரே மகன் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறான். ஞாயிறு தவறாமல் வீடியோவில் வருவான். ‘சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மழை உண்டா’ என்பதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை. அவன் ஹாஸ்டலில் படித்தபோது மாதம் இரண்டு இன்லேண்ட் போடுவேன். அதுபோல மறுபடி எழுதலாமே என்று இந்த வருஷம் மூன்று கடிதம் அனுப்பினேன். ஒன்று சேர்ந்தது. ஒன்று என்ன ஆயிற்றென்றே தெரியவில்லை. ஒன்று ஜெர்மன் மொழியில் ஏதோ சீட்டு ஒட்டித் திரும்பி வந்துவிட்டது, படம் எடுத்து இணைத்திருக்கிறேன். எனக்குக் கை நடுங்குகிறது, ஒரு பக்கம் தாண்டினால் கோழிக் கிறுக்கல்தான். மனைவி ஐந்தாம் வகுப்பு. ‘நான் என்னத்த எழுத, நீங்களே எழுதுங்க’ என்கிறாள். உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்றும் ஓடவில்லை. இந்தக் காலத்தில் இது வீண் வேலையா? வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

வீண் வேலை இல்லை. ஆனால் திரும்பி வந்த உறையை முதலில் பார்த்துவிடுவோம். அது சரியாகாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

சீட்டில் டிக் போட்டிருக்கும் வரிக்கு, ‘குறித்த முகவரியில் பெறுநரைக் கண்டறிய முடியவில்லை’ என்று அர்த்தம். தெரு இருக்கிறது, ஊர் இருக்கிறது, அந்தப் பெயரில் ஆள்தான் இல்லை. ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்கு நம் ஊர்போல ‘இரண்டாம் மாடி, கதவு எண் 6’ என்று முகவரியில் போடும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. வாசலில் வரிசையாகத் தபால் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் குடும்பப்பெயர் ஒட்டியிருக்கும். தபால்காரர் அதைப் பார்த்துப் போடுவார். பெயர் பொருந்தாவிட்டால் உறை திரும்பும்.

இங்கேதான் நம் இனிஷியல் காலை வாருகிறது. உங்கள் பெயர் ராமலிங்கம், மகன் குமார் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அவர் ரா. குமார். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டிருப்பார்கள். அங்கே வாடகைப் பத்திரம், வங்கி, வாசல் மணி எல்லாவற்றிலும் அவர் ராமலிங்கம்தான். பெட்டியில் ஒட்டியிருப்பது உங்கள் பெயர், அதைத்தான் நீங்கள் உறையில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டீர்கள்! முன்பு சேர்ந்த கடிதம் பழகிய தபால்காரர் ஊகித்துப் போட்டதாக இருக்கலாம். வேறு ஆள் வரும் நாளில் அந்த ஊகம் நடக்காது. மகனிடம் பெட்டியில் உள்ள பெயரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதை அப்படியே எழுதுங்கள். இன்னொருவர் பெயரிலுள்ள வீட்டில் தங்கியிருந்தால் இரண்டாவது வரியில் ‘c/o’ (நம் ‘மேற்பார்வை’) போட்டு அந்த வீட்டுக்காரர் பெயர் வரவேண்டும்.

இன்னொன்றும் படத்தில் தெரிகிறது. தெருப் பெயரின் கடைசிப் பகுதியில் ‘பி’ எழுத்து போட்டிருக்கிறீர்கள். அது பி இல்லை. ஜெர்மன் மொழிக்கே உரிய எழுத்து, பார்க்க பி மாதிரி இருக்கும். அதற்குப் பதில் இரண்டு ‘எஸ்’ எழுதினால் சரி. மேலே இரண்டு புள்ளி வைத்த ‘யு’ வந்தால் ‘யு, இ’ என்று சேர்த்து எழுதலாம். தெருப் பெயருக்குப் பின்னால்தான் வீட்டு எண் வரும். அடுத்த வரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண், அதை ஒட்டி ஊர். கடைசி வரியில் நாட்டின் பெயர், பெரிய எழுத்தில். 7 எழுதும்போது நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள், அங்கே அப்படித்தான் எழுதுகிறார்கள், 1 என்று குழம்பாது. முகவரியைப் படிப்பது பெரும்பாலும் இயந்திரம். எனவே உறையின் அடியில் இரண்டு விரல் அகலம் காலியாக இருக்கட்டும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவது நம் வழக்கம்தான், அதை உள்ளே இருக்கும் தாளில் தடவுங்கள். இவ்வளவு வேண்டாம் என்றால், மகனையே முகவரியைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லி, ஜெராக்ஸ் கடையில் ஒட்டும் தாளில் இருபது பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுங்கும் கைக்கு இதுதான் நல்லது. உங்கள் முகவரியையும் பின்கோடோடு உறையின் இடது மேல் மூலையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். காணாமல் போன அந்தக் கடிதத்தில் அது இல்லாமல் இருந்திருந்தால், திரும்பி வரவும் வழி இருந்திருக்காது.

மகன் உங்களுக்கு எழுதும்போது தமிழிலேயே முகவரி எழுதலாம். பின்கோடும் கடைசி வரியில் ‘இந்தியா’வும் மட்டும் அங்கே உள்ளவர்களுக்குப் புரியும் எழுத்தில் இருந்தால் போதும்.

இனி எடை. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம். சாதாரண நீள உறை ஏறக்குறைய இன்னொரு 5 கிராம். வெளிநாட்டுக் கடிதக் கட்டணத்தின் முதல் படி 20 கிராம். ஆக இரண்டு தாள், இரு பக்கமும் எழுதி, நாலு பக்கம். மூன்றாவது தாள் வைத்தால் தராசு முள் கோட்டில் நிற்கும், பசையும் தபால்தலையும் சேர்ந்து தாண்டிவிடும். தபால்தலை குறைந்த கடிதம் தாமதப்படும், அல்லது உங்களிடமே திரும்பும். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் தேவையான மதிப்புள்ள தபால்தலை எப்போதும் இருக்காது. திருவிடைமருதூரிலோ கும்பகோணம் தலைமை அஞ்சலகத்திலோ கவுண்டரில் கொடுத்து எடை போட்டு, கண்ணெதிரே முத்திரை குத்த வையுங்கள். நீல இன்லேண்ட் உள்நாட்டுக்கு மட்டும். ‘ரிஜிஸ்டர் பண்ணிடுங்க’ என்று கேட்டால் கவுண்டரில் குழப்பம் வரலாம், உள்நாட்டுப் பதிவுத்தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. முக்கியமான கடிதத்துக்கு ‘வெளிநாடு, எங்கே போகிறதென்று பார்க்கும் வசதியோடு’ என்று கேளுங்கள். மாதாந்திரக் கடிதத்துக்குச் சாதாரண விமானத்தபால் போதும்.

உறைக்குள் பொருள் வைக்காதீர்கள். பொருள் வைத்தால் அது கடிதக் கணக்கில் வராது, சுங்கப் படிவம் கேட்பார்கள். முக்கியமாக விபூதிப் பொட்டலம்: வெள்ளைப் பொடி கசிந்த உறை எந்த வெளிநாட்டுத் தபால் நிலையத்திலும் பெரிய கலவரத்தைக் கிளப்பிவிடும். கொல்லையில் காய்த்த அவரை விதையும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விதை போக வேண்டுமானால் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். கடிதத்தை ஒட்ட சோற்றுப் பருக்கை ஆகாது, பூச்சி அரிக்கும். பசையை அதிகம் தடவினாலும் உள்ளே தாள் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது கிழியும்.

கைக்கு வருவோம். ஜெல் பேனா அழுத்தாமல் எழுதும், விரலுக்குச் சுகம். ஆனால் நனைந்தால் பல ஜெல் மைகளும் ஊற்றுப் பேனா மைகளும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தபால் பை நனையாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் கறுப்பு பால்பாயிண்ட், தடித்த முனை, ஒரு மில்லிமீட்டர். பேனாவின் பிடியில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றிக்கொண்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிராது. இறுக்கிப் பிடிப்பதே நடுக்கத்தைக் கூட்டும். முழங்கையும் முன்கையும் மேசைமேல் படிந்திருக்கட்டும். மடியில் பலகை வைத்து எழுதாதீர்கள். ஒரு தாளில் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்கெட்ச் பேனாவால் தடித்த கோடு போட்டு, எழுதும் தாளுக்கு அடியில் வையுங்கள். கோடு நிழலாகத் தெரியும், வரி மேலேறாது. வலக்கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம், அதுவும் இரண்டாவது காபிக்கு முன்னால். சிலருக்குக் காபி நடுக்கத்தைக் கூட்டும். ஒரு தடவைக்குக் கால்மணி நேரம், ஒரு பக்கம். நாலு பக்கத்துக்கு நாலு நாள். ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பதால்தான் கிறுக்கல் வருகிறது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். எழுத எழுத வரிக்கு வரி எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறதா? எழுதாமல் கை சும்மா மடியில் இருக்கும்போதும் நடுங்குகிறதா? அப்படியென்றால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வயதான நடுக்கம் எல்லாம் ஒன்று அல்ல, சிலவற்றுக்கு மருந்து உண்டு.

அம்மா விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். அவர் பங்கை நீங்கள் சுருக்கி ‘அம்மா நலம் விசாரித்தாள்’ என்று எழுதாதீர்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அவர் வார்த்தையில், திருத்தாமல். ‘ஏண்டா, அங்க முருங்கக்காய் கெடைக்குதா’ என்று சொன்னால் அப்படியே. கடைசியில் ஒரு வரியும் பெயரும் அவர் கையால். ஐந்தாம் வகுப்பு அதற்கு ஏராளம். அவரிடம் மகன் கேட்க நினைத்துக் கேட்காமல் இருப்பது பெரும்பாலும் சமையல். ‘ஒரு ஆழாக்கு, கண்ணளவு உப்பு’ என்று எழுதினால் ஸ்டுட்கார்ட்டில் உதவாது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை உங்கள் வீட்டு ஆழாக்கால் எத்தனை தடவை ஊற்றினால் நிறைகிறது என்று பார்த்து, அந்தக் கணக்கை ஒருமுறை எழுதிவிடுங்கள். பிறகு எல்லாக் குறிப்பும் ஆழாக்கிலேயே இருக்கலாம். எங்கே கெடும் என்பதையும் அம்மா சொல்லட்டும்: இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கும்பகோணம் கடப்பா ஆறினால் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் இறுகிக் கெட்டியாகிவிடும், இறக்கும்போது நீர்க்கவே இருக்க வேண்டும், உலர்ந்த தேங்காய்த் துருவல்தான் கிடைக்கிறதென்றால் அரைப்பதற்கு முன் வெந்நீரில் கால்மணி நேரம் ஊற வேண்டும். இந்த மாதிரி.

என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். என் கட்சி இதுதான்: அவசரமானது போனுக்கு, ஒரு வருஷம் கழித்தும் எடுத்துப் பார்க்க வேண்டியது கடிதத்துக்கு. நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி, பணம் எதையும் கடிதத்தில் எழுதாதீர்கள். அது போய்ச் சேர்வதற்குள் நிலைமை மாறியிருக்கும், பிள்ளை பதறுவதுதான் மிச்சம். உடம்பைப் பற்றி எழுதினால் ‘சுகர் கொஞ்சம் கூட’ என்று விடாமல், வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி கழித்து எவ்வளவு, எந்தத் தேதியில் எடுத்தது, மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலையா இரவா என்று நாலு வரி.

அப்புறம் நிலம். மேட்டூர் எத்தனை அடி என்பதை அவர் கைபேசியிலேயே பார்த்துக்கொள்வார். ஜூன் 12-இல் திறந்தார்களா என்பதும் தெரிந்துவிடும். உங்கள் மடைக்குத் தண்ணீர் எந்த நாளில் வந்தது, எந்த வாய்க்கால் வழியாக, யார் வயலைத் தாண்டி, குறுவை போட்டீர்களா, சம்பா மட்டும்தானா, என்ன ரகம், ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது என்பதெல்லாம் எந்தச் செய்தியிலும் வராது. நில அளவுக் கணக்கையும் ஒருமுறை எழுதிவிடுங்கள்: ஒரு மா என்றால் 100 குழி, ஒரு குழி 144 சதுர அடி, ஒரு மா 33 சென்ட் சொச்சம், மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர், 20 மா ஒரு வேலி. இது இல்லாமல் நீங்கள் சொல்லும் ‘அஞ்சு மா’ அவருக்குக் காதில் விழும் ஒலிதான். சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், நாலு எல்லையிலும் யார் நிலம், வரப்புத் தகராறு பழையது ஏதும் உண்டா, குத்தகைக்காரர் எத்தனை வருஷமாக, நெல்லாகவா பணமாகவா. மாதம் ஒரு பங்கு நிலம் என்று எழுதினால் ஒரு வருஷத்தில் முழு வரைபடம் அவர் கையில்.

ஒன்றை மட்டும் எழுதாதீர்கள்: யாருக்கு எது என்ற பங்கு. உயில் என்றால் இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். ‘கொல்லைப்புறம் உனக்குத்தான்’ என்று கடிதத்தில் ஒரு வரி எழுதினால் அது உயிலாகாது, ஆனால் பின்னால் பங்காளிச் சண்டைக்கு விறகாகும். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், அசல் பத்திரம் எதுவும் உறைக்குள் போகக்கூடாது.

ஊரைப் பற்றி: இறந்தவர் பட்டியலை மட்டும் அனுப்பும் பழக்கம் வயதானவர்களுக்கு வந்துவிடுகிறது. யார் வீட்டில் கல்யாணம், எந்த முறையில் நமக்குச் சொந்தம், மொய் எவ்வளவு வைத்தோம், நமக்கு அவர்கள் முன்பு எவ்வளவு வைத்தார்கள் என்பதும் எழுதுங்கள். நாளைக்கு அவர்தான் அந்தக் கணக்கைத் தொடர வேண்டும். ‘எங்களை மறந்துட்டே’ என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். போனில் சொன்னால் அடுத்த வாரம் மறந்துபோகும், தாளில் எழுதினால் அவர் பெட்டியில் பத்து வருஷம் கிடக்கும்.

பிள்ளையார் சுழிக்குப் பக்கத்தில் ஒரு வரிசை எண் போடுங்கள்: 1, 2, 3. தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும். ஒரு நோட்டில் எண், தபாலில் சேர்த்த தேதி, சேர்ந்ததாக அவர் சொன்ன தேதி. மகனும் ‘உங்கள் 4-ஆம் கடிதம் கிடைத்தது’ என்று எழுதினால் எது வழியில் தொலைந்தது என்று உடனே தெரியும். ஒட்டுவதற்கு முன் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைக்கே அனுப்பிவிடாதீர்கள். ஐந்து வாரம் பார்த்து, வராவிட்டால் மட்டும் படம் போகட்டும். பதில் கேட்டு அவரை நெருக்க வேண்டாம். அரைப்பக்கம் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினாலும் பதில்தான்.

மாதம் ஒன்று போதும். பொங்கலுக்குச் சேர வேண்டியதைக் கார்த்திகை பிறந்த வாரத்திலேயே, அதாவது நவம்பர் மூன்றாம் வாரத்தில் தபாலில் சேர்த்துவிடுங்கள். டிசம்பரில் அங்கே கிறிஸ்துமஸ் தபால் குவியும், இங்கே மழையும் முழுசாக ஓய்ந்திருக்காது.