கூட்டினால் 'கத்தாதே', குறைத்தால் 'கேட்கவில்லை'

கேள்வி: எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். 74 வயதான என் தாத்தாவுக்குக் காது மந்தம். அவர் பாட்டு கேட்க ஒரு ஹெட்போன் செய்து தர ஆசை. ஆனால் வால்யூமைக் கூட்டினால் 'கத்தாதே' என்கிறார், குறைத்தால் 'கேட்கவில்லை' என்கிறார். எந்த அளவில் வைப்பது? அதிகச் சத்தத்தால் மிச்சமிருக்கும் செவித்திறனும் போய்விடுமா?

பதில்: தாத்தா முரண்டு பிடிக்கவில்லை. அவர் சொல்லும் இரண்டுமே நிஜம்.

வயதாகும்போது உட்செவியில் முதலில் அடிபடுவது, உயர் அதிர்வெண்களைப் பிடிக்கும் நுண்மயிர் செல்கள். உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் கேட்டுவிடும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஓசைகளில் பல 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பவை. அதனால் பட்டு, தட்டு, கட்டு எல்லாம் ஒன்றுபோல் ஒலிக்கும். மொத்தமாக வால்யூமைக் கூட்டினால், நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த தாழ்ந்த ஓசையும் கூடிக் காதை அறையும்.

இன்னொன்று. ஒலி கேட்கத் தொடங்கும் எல்லைதான் மேலே ஏறுகிறது. தாங்க முடியாமல் போகும் எல்லை அந்த அளவுக்கு ஏறுவதில்லை. 60 டெசிபலில் கேட்கத் தொடங்கி 100ல் கூசுகிறது என்றால், உங்களுக்கு 100 டெசிபல் அகலத்தில் விரியும் ஒலியை அவருக்கு 40க்குள் மடித்துத் தர வேண்டும். மெல்லிய ஒலியை நிறையவும் உரத்த ஒலியைக் கொஞ்சமாகவும் கூட்டும் கம்ப்ரெஷன், ஒவ்வொரு அதிர்வெண் பட்டைக்கும் தனித்தனியாக வேண்டும். காது மிஷின் செய்வதும் இதைத்தான்.

அதனால் சால்டரிங்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஆடியோகிராம் (எந்த அதிர்வெண் எத்தனை டெசிபலில் கேட்கத் தொடங்குகிறது என்று காட்டும் வரைபடம்) எடுங்கள். அதற்கும் முன்னால் டாக்டரிடம் காதுக்குள் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் அழுக்கு அடைப்பு என்றால் உங்கள் புராஜெக்ட் அங்கேயே முடிந்துவிடும், தாத்தாவுக்குச் சந்தோஷம்தான். 60 டெசிபல் இழப்பு இருந்தால் 60ஐயும் ஈடுகட்டாதீர்கள்; பாதியளவு, அதாவது 30 வாக்கில் தொடங்குவது இத்துறையின் பழைய கைக்கணக்கு. மண்டை எலும்பை அதிரவைத்து ஒலியை உட்செவிக்கு அனுப்பும் எலும்பு வழி ஹெட்போன் நடுச்செவிக் கோளாறுக்கு உதவும், தேய்ந்த உட்செவிக்கு உதவாது.

மந்தமான காதைச் சத்தம் ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடாதீர்கள். மிச்சமிருக்கும் செல்களையும் அது அழிக்கும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். ஆகவே உச்ச ஒலிக்கு ஒரு பூட்டு வையுங்கள். வெளிச்சத்தத்தை அடக்கும் வசதி இருந்தால் வால்யூமைக் கூட்டும் தேவையே குறையும். கேட்டு முடித்தபின் காதில் இரைச்சல் வருகிறதா என்று அவரிடம் கேளுங்கள். வந்தால் அளவு அதிகம்.

தாத்தா காது மிஷின் போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போடுகிறார் என்றால் சங்கதியே வேறு. காதுக்குப் பின்னால் உள்ள மிஷினின் மைக்கையும் சேர்த்து மூடும் ஆழமான ஹெட்போன் கப் வேண்டும். கப் அழுத்தினால் மிஷின் விசில் அடிக்கும். திருத்தத்தையும் மிஷினே செய்துகொள்ளும். அதன்மேல் நீங்களும் கூட்டினால் இரட்டைச் சத்தம், மறுபடியும் 'கத்தாதே'தான்.