தலைகீழாக மாட்டிய மஞ்சள் படம்

கேள்வி: கும்பகோணத்தில் ஓவியம் படித்தவன். வயது 31. அப்பா தவில் வித்வான். பகலில் தஞ்சாவூர் ஓவியப் பட்டறையில் வேலை. இரவில் ராகங்களைக் கேட்டுக்கொண்டே அரூப ஓவியம் வரைகிறேன். இரண்டு கண்காட்சி வைத்தும் ஒரு படம்கூட விற்கவில்லை. ஒன்றைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. அம்மாவோ அதைப் பார்த்து, “மஞ்சள் டப்பா கவிழ்ந்த மாதிரி இருக்கிறது” என்கிறார். ராகப் பெயர்களைத் தலைப்பாக வைத்தால் விற்கும் என்கிறார் நண்பர். வைக்கட்டுமா, இல்லை விட்டுவிடட்டுமா?
(பெயர் வேண்டாம், திருவையாறு)

பதில்: தம்பி, அம்மாவிடமிருந்தே தொடங்குவோம். மார்கழியில் அவர் வாசலில் போடும் சிக்குக் கோலம் என்ன உருவம்? மயிலா, மாங்காயா? முதலில் புள்ளிகள், பிறகு எந்தப் புள்ளியையும் தொடாமல் எல்லாவற்றையும் வளைத்துவந்து, புறப்பட்ட இடத்திலேயே சேரும் ஒரு கம்பி. தெருவில் யாரும் ‘இது என்ன படம்?’ என்று கேட்டதில்லை. சிதம்பரத்தில் திரையை விலக்கி வெறும் வெளியைக் காட்டுகிறார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்புகிறோம். அரூபம் நமக்குப் பழையதுதான். அதற்குச் சட்டம் போட்டு விலை சொல்வதுதான் புதிது.

புள்ளி என்றதும் ஓவியர் எஸ்.எச். ரஸா நினைவுக்கு வருகிறார். 1922இல் மத்தியப் பிரதேசத்துக் காட்டுப்பக்கக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பாடத்தில் மனம் நிற்காத பையனை ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார் என்று உட்கார்த்தினார். அந்தப் பையன் வளர்ந்து 1947இல் பம்பாயில் சூசா, ஹுசேன் முதலியோருடன் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கினார். 1950இல் பாரிஸ் போனார். 1956இல் அங்கே விமர்சகர்களின் பரிசையும் வாங்கினார். பேரும் விற்பனையும் வந்த பிறகும் மனம் அடங்கவில்லை. இந்தியாவுக்கு வந்து வந்து போனார். ராஜஸ்தானிச் சிற்றோவியங்களின் சிவப்பும் மஞ்சளும், இந்துஸ்தானி ராகங்களும் அவருடைய ஓவியத் துணிக்குள் நுழைந்தன. அந்தப் பழைய புள்ளி ‘பிந்து’வாகத் திரும்பி வந்து நிலைத்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நீங்கள் முப்பத்தொன்றில் கணக்கை முடிக்கப் பார்க்கிறீர்கள். (கடைசிக் காலப் பிந்துக்களில் சில எனக்கு அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். அது வேறு வழக்கு.)

வயிற்றுப்பாட்டுக்கு வருகிறேன். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியபோது, அங்கிருந்த ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றினார்கள். பட்டறை வேலையைத் தாழ்வாக நினைக்காதீர்கள். பலாப்பலகையில் சுண்ணப்பொடிப் பசையான மக்கு வைத்து, அது காய்வதற்குக் காத்திருந்து, தங்க ரேக்கை ஒட்டும்போது மூச்சைக்கூட அடக்குகிறீர்களே, அந்தக் கையும் பொறுமையும்தான் இரவில் உங்களிடம் இருக்கின்றன. சம்பளத்தை விடாதீர்கள்.

ராகப் பெயர் மட்டும் வேண்டவே வேண்டாம். ‘கௌளை’ என்று சீட்டு ஒட்டினால் படம் கௌளை ஆகிவிடாது. வாங்குகிறவர் சீட்டைத்தான் வாங்குவார். அரூப ஓவியர் வா.சு. கைதொண்டே மேற்கத்திய செவ்வியல் இசையிலும் ஜென் பௌத்தத்திலும் தோய்ந்தவர். ஆனால் பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பே வைக்கவில்லை. ஆண்டுக்குச் சில படங்கள்தாம் வரைந்தார். அவர் 2001இல் இறந்த பிறகே ஏலத்தில் கோடிகள் ஏறின. அந்தக் கோடிகளைக் காட்டி உங்களைத் தேற்ற மாட்டேன்.

இன்னொன்று. பாட்டைக் கேட்டுக்கொண்டே வரையாதீர்கள். தூரிகை தாளத்தின் பின்னால் ஓடிவிடும். அப்பா சாதகம் செய்யும்போது சும்மா பக்கத்தில் உட்காருங்கள். சொற்கட்டுக்கு நடுவே எங்கே கையைத் தூக்கி வைத்திருக்கிறார், எவ்வளவு நேரம் அடிக்காமல் விடுகிறார் என்று கவனியுங்கள். மறுநாள் வரையுங்கள். உங்கள் படங்களை நான் பார்த்ததில்லை. ஆனால் மஞ்சள் டப்பா கவிழ்ந்தது என்றால், எங்கும் இடம் விடாமல் பூசுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

அடுத்த கண்காட்சிக்குப் போகும்முன் ஒவ்வொரு படத்தின் பின்புறமும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். அந்த மஞ்சள் படத்தை மட்டும் ஒரு வாரம் வீட்டுச் சுவரில் தலைகீழாகவே மாட்டிப் பாருங்கள். மாட்டியவர் சரியாகத்தான் மாட்டியிருந்தாரோ என்னவோ.