மினிமம் கட்டிக்கொண்டே இருந்தால் கார்டு பாக்கி குறையாது

கேள்வி: குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆன்லைனில் துணிமணி வாங்கியே கிரெடிட் கார்டு பாக்கி 1,20,000 ரூபாய் ஆகிவிட்டது. மாதாமாதம் பில்லில் போட்டிருக்கும் மினிமம் (குறைந்தபட்சத் தொகை) கட்டியும் குறையவில்லை. ஓர் ஆங்கிலக் காதல் நகைச்சுவைப் படத்தில் நாயகி கார்டை ஐஸ் கட்டிக்குள் உறைய வைப்பாள். பிறகு உடைகளை விற்றுக் கடனை அடைப்பாள். நானும் அப்படிச் செய்யலாமா?

பதில்: ஐஸ் உதவாது, சகோதரி. நீங்கள் வாங்குவது ஆப்பில் சேமித்து வைத்த கார்டில். ஒவ்வொரு ஷாப்பிங் ஆப்பிலும் அதை நீக்குங்கள். பிறகு வங்கி ஆப்பில் அந்தக் கார்டுக்கு ஆன்லைன் பரிவர்த்தனையை அணைத்துவிடுங்கள். உடுத்திய துணிக்கு விலை தேறாது. பிரிக்காத பார்சல் இருந்தால் கெடு முடியுமுன் திருப்பி அனுப்புங்கள்.

மினிமம் கணக்கைப் பாருங்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 4,200 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 756. மொத்தம் 4,956. மினிமம் பாக்கியில் 5 சதவீதம் என்று 6,000 கட்டினால் அசலில் கழிவது வெறும் 1,044. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். இந்தக் கணக்கை பில்லின் முதல் பக்கத்தில் தமிழில் கொட்டை எழுத்தில் போட வங்கிகளுக்கு என்ன கஷ்டம்? கிளையில் போய்க் கேட்டால் 'கார்டு எங்கள் பிரிவு இல்லை' என்று கையை விரிப்பார்கள்.

பாக்கியை இஎம்ஐ ஆக மாற்றச் சொல்லுங்கள். வட்டி பெரும்பாலும் பாதிக்கும் கீழே இறங்கும். நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைப்பது அதைவிட மலிவு.

இதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். நகைக்கடையில் கார்டு தேய்த்து வாங்கியிருந்தால் அந்தத் தொகையை வங்கிகள் பொதுவாக இஎம்ஐ ஆக்குவதில்லை. 1,20,000-இல் 40,000 நகைக்கு என்றால் 80,000 மட்டும் மாறும். மீதிக்குப் பழைய வட்டியே ஓடும். மாற்றியதும் மொத்தக் கடனும் முடிந்தது என்று நினைத்து இஎம்ஐ மட்டும் கட்டினால் தாமதக் கட்டணமும் சேரும். அந்த நகையையே அடகு வைத்து, கிடைக்கும் பணத்தில் அந்த 40,000-ஐ முடிந்தவரை முதலில் அடைத்துவிடுங்கள்.

'கார்டைத் தேய்த்துக் காசு தருகிறோம், அதில் பழைய பாக்கியைக் கட்டுங்கள்' என்று கமிஷன் பிடிக்கும் கடைகள் பக்கமே போகாதீர்கள். கடன் அப்படியே நிற்கும், மாதாமாதம் கமிஷன் போகும், பொருளில்லாமல் பில் போட்டது தெரிந்தால் வங்கி கார்டை முடக்கும். 'பாதிப் பணத்தில் முடித்து சிபிலையும் (கடன் மதிப்பெண்ணையும்) ஏற்றித் தருகிறோம்' என்று முன்பணம் கேட்பவர்கள் இன்னும் மோசம். பாதி கட்டி முடித்தால் சிபிலில் 'செட்டில்டு', அதாவது முழுதாகக் கட்டாமல் முடித்தது என்று பதிவாகும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அதுவே குறுக்கே நிற்கும். உண்மையான பதிவை எந்த ஏஜெண்டாலும் அழிக்க முடியாது.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது. மீறினால் அழைப்பு நேரத்தைக் குறித்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். வழி கேட்க 14448 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, எழுதித் தருகிறேன் என்று வருபவருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.