மக்களிடம் ஒவ்வொரு ரூபாய்க்கும் உண்மைக் கணக்கு கேட்கும் அரசியல் தலைவர்கள், தங்கள் கணக்கை மட்டும் ஏன் மறைக்கிறார்கள்?

சிறுசிறு கடைக்காரர்களுக்கும் சம்பளக்காரர்களுக்கும் வருமான வரித் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். அதனால் இந்தக் கேள்வி ஒவ்வொரு ஜூலை மாதமும் ஏதாவது ஒரு வாடிக்கையாளர் வாயிலிருந்து, கொஞ்சம் கெட்ட வார்த்தை கலந்து, என் காதில் விழுந்துவிடும்.

என் பதில் இதுதான். நம் தலைவர்கள் சொல்கிற பொய்யைவிட, உண்மை சொல்ல வேண்டிய கட்டாயமே தங்களுக்கு இல்லாதபடி அவர்கள் சட்டத்தை வளைத்து வைத்திருப்பதுதான் பெரிய விஷயம். பொய் சொன்னால் என்றைக்காவது மாட்டலாம். கேட்கவே முடியாது என்று எழுதி வைத்துவிட்டால் மாட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

நம் பக்கம் எப்படி என்று முதலில் பாருங்கள். ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர் ஃபிக்சட் டெபாசிட் வட்டியைக் கணக்கில் காட்ட மறந்தால் போதும், வங்கி ஏற்கெனவே அதை வரித்துறைக்குச் சொல்லியிருக்கும், விளக்கம் கேட்டு அவருக்கு மின்னஞ்சல் வந்துவிடும். கணக்கின் கடைசியில் "சரியானது, முழுமையானது" என்று உறுதி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அந்த உறுதியில் தெரிந்தே பொய் சொன்னால், ஏய்த்த வரி பெரிய தொகை என்றால் 7 ஆண்டு வரை கடுங்காவல் என்று 1961 வருமான வரிச் சட்டத்தின் 277வது பிரிவு வைத்திருந்தது. சரி, வரி ஏய்ப்பைத் தடுக்க இது தேவைதான், அதில் எனக்குப் புகார் இல்லை.

அந்தப் பக்கம் என்ன? வேட்புமனுவோடு கொடுக்கிற பிரமாணப் பத்திரத்தில் சொத்தையோ வழக்கையோ மறைத்தால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவுப்படி அதிகபட்சம் 6 மாதம் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதாவது வெறும் அபராதத்தோடும் முடிந்துவிடலாம். அந்தப் பிரமாணப் பத்திரமே அவர்களாக விரும்பிக் கொடுத்தது இல்லை. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது, உடனே அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டி வேண்டாம் என்றார்கள், அந்த உத்தரவை நீர்த்துப்போகச் செய்ய அவசரச் சட்டமும் அப்புறம் சட்டத் திருத்தமும் கொண்டுவந்தார்கள், 2003 மார்ச்சில் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தின் முக்கியப் பிரிவை ரத்து செய்த பிறகுதான் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். நாடாளுமன்றத்தில் மைக்கைப் பிடுங்குகிற அளவுக்குச் சண்டை போடுகிறவர்கள் எந்த விஷயத்தில் ஒற்றுமையாகிறார்கள் என்பதைக் கவனித்தாலே பாதி அரசியல் புரிந்துவிடும்.

அதே ஒற்றுமையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் பார்த்தோம். 2013 ஜூன் 3 அன்று மத்திய தகவல் ஆணையம், காங்கிரஸ், பாஜக, சிபிஎம், சிபிஐ, தேசியவாத காங்கிரஸ், பகுஜன் சமாஜ் ஆகிய 6 கட்சிகளும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன என்று தீர்ப்பு சொன்னது. காரணம் எளிமையானது, சலுகை விலையில் அரசு நிலம், வரி விலக்கு, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இலவச நேரம் என்று மக்கள் பணத்தில் வாழ்கிறவர்கள் மக்களுக்குப் பதில் சொல்லட்டும் என்றது. ஒரு கட்சியும் தீர்ப்பை நடைமுறைப்படுத்தவில்லை, மேல்முறையீட்டுக்கும் போகவில்லை. சும்மா இருந்துவிட்டார்கள். 2015இல் ஆணையமே, எங்கள் உத்தரவை அமல்படுத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று கையை விரித்தது. நீங்களோ நானோ ஒரு அரசு உத்தரவுக்குப் பதிலே போடாமல் இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்க முடியுமா?

தேர்தல் பத்திரக் கதை, அதாவது வங்கியில் பத்திரமாக வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கும் திட்டத்தின் கதை, உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018இல் வந்தது, கறுப்புப் பணத்தை ஒழிக்கவும் வெளிப்படைத்தன்மைக்கும் என்றார்கள். யார் கொடுத்தார் என்று வெளியே சொல்லவே வேண்டாத வெளிப்படைத்தன்மை! கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும் பொதுவான உரிமை குடிமக்களுக்குக் கிடையாது என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தலைமை வழக்கறிஞரே வாதிட்டார். பான் எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொன்ன அதே அரசின் சார்பில்தான். 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு மொத்தத் திட்டத்தையும் ரத்து செய்தது.

அதையடுத்து வெளியான ஆவணங்களில் எனக்கு மறக்கவே முடியாதது ஐக்கிய ஜனதா தளம் தேர்தல் ஆணையத்துக்கு 2019இல் கொடுத்திருந்த விளக்கம். பாட்னா அலுவலகத்துக்கு யாரோ ஒருவர் வந்து ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாராம், பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் 1 கோடி ரூபாய்க்கான 10 பத்திரங்களாம், அவர் யார் என்று தெரியாதாம், தெரிந்துகொள்ள முயலவும் இல்லையாம். இதே கதையை என் வாடிக்கையாளர் ஒருவர், 10 கோடி வேண்டாம், 10 லட்சத்துக்கு அன்றைக்கு வரித்துறை அதிகாரியிடம் போய்ச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மூலம் தெரியாத வருமானம் என்று முக்கால்வாசியை வரியாகவே பிடித்துக்கொண்டிருப்பார்கள், அபராதம் தனி.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் எல்லாரும் ஒரே தராசில் இல்லை. திமுக, கொடுத்தவர்கள் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம் சொன்னது, மொத்தம் 656.5 கோடியில் 509 கோடி லாட்டரி மார்ட்டினின் நிறுவனம் கொடுத்தது என்பதும் அப்படித்தான் தெரிந்தது. அந்தப் பெயரைப் பார்த்தபோது நெற்றி சுருங்கியது வேறு விஷயம். அதிமுகவும் சொன்னது, அதன் 6.05 கோடியில் பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் நிறுவனத்திடமிருந்து. அதிகத் தொகை பெற்ற பாஜக பெயர் எதையும் சொல்லவில்லை. பத்திரமே வாங்க மாட்டோம் என்று நின்று வழக்கும் போட்டது சிபிஎம், அதற்கு ஒரு கும்பிடு, ஆனால் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரச் சொன்னபோது அவர்களும் மறுத்தவர்கள்தான்.

இதையெல்லாம்விட என்னை எரிச்சல்படுத்தியது 2018 மார்ச் மாதம் சத்தமில்லாமல் நடந்த ஒன்று. வேதாந்தா குழும நிறுவனங்களிடம் (ஆமாம், தூத்துக்குடி ஸ்டெர்லைட்காரர்களேதான்) நன்கொடை வாங்கியதில் பாஜக, காங்கிரஸ் இரண்டுமே வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறின என்று 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. என்ன செய்தார்கள்? நிதி மசோதாவுக்குள் ஒரு வரியைச் செருகி, பழைய மீறல் மீறலே இல்லை என்று ஆகும்படி சட்டத்தை 1976லிருந்தே முன்தேதியிட்டுத் திருத்திவிட்டார்கள். மக்களவையில் அந்த மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியது. எதிர்க்கட்சிக்கும் அதில் லாபம் உண்டு, அப்புறம் யார் உரக்கக் கேட்பது? அதே சட்டத்தின் கீழ், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவில்லை என்று ஆயிரக்கணக்கான தொண்டு நிறுவனங்களின் பதிவு ரத்தானது. அவர்களுக்காகச் சட்டத்தை யாரும் முன்தேதியிட்டுத் திருத்தவில்லை.

மறந்தும் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பாஜகவின் கோபிநாத் முண்டே 2013இல் ஒரு மேடையில், 2009 தேர்தலில் தனக்கு 8 கோடி செலவானது என்று போட்டு உடைத்தார். அப்போது உச்சவரம்பு 25 லட்சம். தேர்தல் ஆணையத்தின் நோட்டீஸ் வந்தது. வரம்புக்குள்தான் செலவு செய்தேன் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்த மற்ற நூற்றுக்கணக்கான பேருக்கு எதுவும் வரவில்லை.

ஆகவே "ஏன் மறைக்கிறார்கள்" என்ற கேள்விக்கு, மறைக்க முடிகிறது என்பதால்தான் என்பேன். சட்டம் எழுதுகிற பேனா அவர்கள் கையில் இருக்கிறது. மேலே சொன்னவற்றில் பிரமாணப் பத்திரமும் தேர்தல் பத்திர விவரமும் வெளியே வந்தது நீதிமன்றம் தள்ளியதால், அதற்கும் பின்னால் வழக்கு போட்டுவிட்டு வருஷக்கணக்கில் நடையாய் நடந்த சில தன்னார்வ அமைப்புகளால். இன்றைக்கும் 20,000 ரூபாய்க்குக் கீழே வரும் நன்கொடைக்குக் கொடுத்தவர் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம் காட்ட வேண்டியதில்லை. அது அப்படியே இருக்கிறது, எந்தக் கட்சியும் அதை மாற்றச் சொல்லித் தெருவில் இறங்கியதாக நான் பார்க்கவில்லை.