விரல் விறைக்காத சைக்கிள் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குளிர் தொடங்கியதும் வரும் கடிதங்களில் பாதி கையுறை பற்றியவைதான். இந்த முறை வந்தவற்றில் சில.

குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்ட நல்ல கையுறை ஒன்று சொல்லுங்கள். (பெயர், ஊர் இல்லை)

எந்த ஊர் என்றாவது எழுதியிருக்கலாம். லண்டனில் 5 டிகிரியில் தூறும் மழைக்கும் வினிபெக்கின் மைனஸ் 25க்கும் ஒரே கையுறையைச் சொல்ல என்னால் ஆகாது. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள், மழையா பனியா, ஹேண்டில்பார் நேரா வளைவா? இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள், அப்புறம் பேசலாம்.

வெளியே மைனஸ் 5தான். நடக்கும்போது போதுமாக இருக்கும் கம்பளிக் கையுறை, சைக்கிளில் ஏறினால் பத்து நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது. (ஸ்கார்பரோ)

காற்று. மைனஸ் 5 டிகிரியில் 20 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால், வெறும் தோலுக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 12 போல. காற்றே வீசாத நாளிலும் நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்தக் காற்றை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள். அதை முதலில் வாங்குவது முன்னால் நீட்டியிருக்கும் கைதான். பின்னிய கம்பளியின் கண்களுக்குள் காற்று தாராளமாகப் புகும். கம்பளியைத் தூக்கிப் போட வேண்டாம், அதற்கு மேல் காற்றுப் புகாத மெல்லிய உறை ஒன்று போடுங்கள். புறங்கைப் பக்கம் காற்றைத் தடுத்தால் போதும், உள்ளங்கை மெல்லியதாக இருக்கலாம். போட்ட பிறகு சைக்கிளை நிறுத்திவைத்தே பிரேக்கை இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட் கைக்கும் கையுறைக்கும் நடுவே மணிக்கட்டு தெரியக் கூடாது.

ஜனவரி காலையில் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினோம். குன்னூர் தாண்டுவதற்குள் பிரேக் பிடிக்க விரல் மடங்கவில்லை. முந்தின நாள் ஏறும்போது இதே கையுறையில் வியர்த்துக் கொட்டியது. (கோவை)

பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஏறும்போது உடம்பு அடுப்பாக எரிகிறது. வியர்வையில் கையுறை நனைகிறது. அதையே காயாமல் மறுநாள் மாட்டிக்கொண்டு, பெடல் மிதிக்காமல் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் என்ன ஆகும்? சுமார் 1,900 மீட்டர் இறக்கத்தில் உடம்பு அதிகம் சூடு உண்டாக்குவதில்லை. மார்பு குளிர்ந்ததும் உடம்பு கைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும், அது கைக்கு ஓரவஞ்சனைதான். இரண்டு ஜோடி வேண்டும். ஏற்றத்துக்கு மெல்லியது. இறக்கத்துக்குக் காற்றுப் புகாதது, பிளாஸ்டிக் பையில் சுற்றி உலர்ந்ததாக. மார்பையும் கவனியுங்கள். ஐரோப்பிய மலைப் பந்தயங்களில் உச்சியில் நிற்பவர்களிடம் செய்தித்தாள் வாங்கி, சட்டைக்குள் மார்பில் செருகிக்கொண்டு இறங்குவது பழைய வழக்கம். தினசரித் தாள் ஊட்டியிலும் கிடைக்கும்.

மைனஸ் 20 வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. மைனஸ் 8க்கே கை விறைக்கிறது. கடைக்காரர் "இறுக்கமாகப் போட்டால்தான் சூடு நிற்கும்" என்று சொல்லி ஒரு அளவு சின்னதாகக் கொடுத்தார். (ஒட்டாவா)

இரண்டு பாவம் ஒரே பெட்டியில்.

முதலாவது, அந்த எண். வருடா வருடம் எழுதுகிறேன், வருடா வருடம் யாராவது அதை நம்பி வாங்குகிறார்கள். தூங்கும் பைக்கு வெப்பநிலையை அளந்து போட ஒரு பொதுத் தரம் உண்டு. சூடேற்றிய பொம்மையை உள்ளே படுக்கவைத்து அளக்கிறார்கள். சைக்கிள் கையுறையின் அட்டையில் இருக்கும் டிகிரிக்கு அப்படிப் பொது அளவுகோல் எதுவும் இல்லை. தயாரிப்பவர் தன் கணக்கில் போடுவதுதான். யாருடைய கைக்கு, எத்தனை நிமிடத்துக்கு, காற்றிலா காற்றில்லாத இடத்திலா என்று எந்த அட்டையும் சொல்வதில்லை. ஒரு நிறுவனத்தின் மைனஸ் 10 இன்னொன்றின் 0 ஆக இருக்கலாம். ஐரோப்பாவில் குளிர்ப் பாதுகாப்புக் கையுறைகளுக்கு ஈஎன் 511 என்ற தரம் இருக்கிறது. பனிப்படிகப் படம், அதன் கீழே மூன்று எண்கள். முதல் எண் குளிர்க்காற்றைத் தாங்குவது, இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடுவது, இரண்டுமே 4 வரை. மூன்றாவது தண்ணீர், 0 அல்லது 1. குளிர்கிடங்குத் தொழிலாளர் கையுறையில் இதைப் பார்க்கலாம். மூன்று மடங்கு விலை கேட்கும் சைக்கிள் கையுறையில் பெரும்பாலும் தேடினாலும் இருக்காது. வேடிக்கைதான். ஆகவே அட்டை எண்ணோடு பத்து டிகிரியைக் கூட்டி வாங்குங்கள். மைனஸ் 20 என்றால் மைனஸ் 10க்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். காற்று அதிகம் என்றால் அதுவும் கிடையாது.

இரண்டாவது, இறுக்கம். சூட்டைப் பிடித்துவைப்பது துணியில்லை, துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. இறுக்கினால் அந்தக் காற்று போய்விடும், விரலின் ரத்த ஓட்டமும் குறையும். அந்தக் கடைக்காரர் பனியில் சைக்கிள் ஓட்டியவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம். கடையில் கையை விரித்துப் பார்த்தால் தெரியாது. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி பாருங்கள். விரல் நுனியில் ஒரு நெல்மணி நீளமாவது இடம் மிஞ்ச வேண்டும். மடக்கும்போது விரலடியில் துணி இழுத்தால் அடுத்த அளவு. உள்ளே இன்னொரு மெல்லிய கையுறை போடும் எண்ணமிருந்தால் அதையும் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. மெரினோ கம்பளி நல்லது.

ரசீது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிக்ஸியில் வேலைக்குப் போகிறேன். விரல் பிரியாத மிட்டனா, விரல் பிரிந்ததா? (மொன்றியல்)

உங்கள் ஊர் வாடகை சைக்கிள் 2023 முதல் குளிர்காலத்திலும் ஓடுவதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. சொந்த சைக்கிளாக இருந்தால், மைனஸ் 15க்குக் கீழே ஹேண்டில்பாரிலேயே மாட்டும் பெரிய உறைகளைச் சொல்வேன். உள்ளே மெல்லிய கையுறை போதும், அதற்கு இணை எதுவுமில்லை. வாடகை வண்டியில் அதை மாட்ட முடியாது. எனவே விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்த லாப்ஸ்டர் வகை. பக்கத்துப் பக்கத்து விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும், பிரேக்குக்கு இரண்டு விரலும் கிடைக்கும். புதிதாகப் போட்டதும் முதல் சந்து முனையில் இல்லை, நிறுத்துமிடத்திலேயே பிரேக்கை இழுத்துப் பாருங்கள்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் மரத்துப் போகின்றன. இரண்டு கையுறை போட்டும் பயனில்லை. (சூரிச்)

இது குளிர் இல்லை. குளிர் என்றால் எல்லா விரல் நுனியும் போகும். இந்த இரண்டு மட்டும் என்றால் உள்ளங்கை ஓரத்தில் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது. தடிமனாக்கினால் இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள், மோசமாகும். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள், சீட் முன்பக்கம் சரிந்திருக்கிறதா பாருங்கள், பிடியை மாற்றிக்கொண்டே இருங்கள். இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால், பிடியில் வலு குறைந்தால் மருத்துவர்.

மகனுக்கு 9 வயது. பள்ளிக்கு சைக்கிளில் போய் வந்தால் விரல் நுனி வெள்ளையாக இருக்கிறது. வெந்நீரில் வைக்கலாமா, தேய்த்துவிடலாமா? (ஒஸ்லோ)

தேய்க்காதீர்கள் அம்மா. ஹீட்டர் மேலும் வைக்காதீர்கள். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துவிடும். முதலில் அவன் அக்குளிலேயே கையை வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் என்றால் 37 முதல் 39 டிகிரி, உங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்து. அரை மணியில் நிறம் திரும்பாவிட்டால், தோல் மெழுகுபோல் கெட்டியாக இருந்தால், கொப்புளம் வந்தால் உடனே மருத்துவமனை. லேசான குளிருக்கே வெள்ளை, நீலம், சிவப்பு என்று நிறம் மாறினால் அது ரேனோ (குளிரில் விரலின் ரத்தக்குழாய் அளவுக்கு மீறிச் சுருங்குவது) பிரச்சினையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு எப்போதும் மிட்டன்தான். அவனுக்கும் இறுக்கமாக வேண்டாம்.

பேட்டரியில் சூடாகும் கையுறை வாங்கலாமா? (கால்கரி)

ஒரு மணிக்கு மேல் ஓட்டினால் வாங்கலாம். அட்டையில் சொன்ன நேரத்தில் பாதியை நம்புங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

கழற்றும்போது உள்துணியும் விரலோடு வெளியே வந்துவிடுகிறது. (லண்டன்)

ஈரக் கை. ஒரேயடியாக இழுக்காமல், ஒவ்வொரு விரல் நுனியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கழற்றுங்கள். ரேடியேட்டர் மேல் காயப்போடாதீர்கள், துணி மென்மையாக்கியில் துவைக்காதீர்கள்.

கையுறையின் கட்டைவிரல் பக்கம் மட்டும் டவல் துணி தைத்திருக்கிறார்களே, எதற்கு? (பிராம்ப்டன்)

மூக்கைத் துடைக்க. அடிக்கடி துவையுங்கள்.